மடக்கும் மரம் மடங்க மறுத்தால்

டிசம்பர் முதல் வாரத்தில் கிறிஸ்துமஸ் மரத்தோடு என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள். "போன வருஷம் நல்லாத்தான் நின்னுது." நானும் மாறாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "மடக்கினது யாரு?"

குமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் வருஷம் முழுக்க வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் அதோடு கிறிஸ்துமஸ் மரமும் சேர்ந்துகொள்ளும். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வீடு காற்றாடிக் கிளைதான். சவுக்குக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒரு வாளி மணலில் குத்தி நிறுத்துவோம். புது வருஷம் பிறக்கும்போது பழுத்துப்போய் வீடு முழுக்கக் கொட்டிக் கிடக்கும். இப்போது பெரும்பாலான வீட்டில் மடக்கும் மரம்தான். கடையில் வாங்கியது பாதி, குடைக்கம்பியும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் வைத்து வீட்டிலேயே செய்தது மீதி. இரண்டுக்கும் வருகிற நோய் ஒன்றுதான்.

மரம் நிற்கிற இருபது நாளில் எதுவும் கெடுவதில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று சாயங்காலம், பிள்ளைகள் தூங்கிவிட்ட பிறகு அரைமணி நேரத்தில் அவசரமாகச் சுருட்டிக் கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. அதற்கு மேல் பதினோரு மாதம் பரணில். ஆகவே மரம் செய்ய உட்காரும்போது நான் முதலில் வரைவது நிற்கிற மரத்தை அல்ல, கட்டி வைத்த மூட்டையை. கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மரத்துக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

மரம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்கிறது, தொட்டால் ஆடுகிறது

கோளாறு காலிலா, தண்டின் இணைப்பிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மேல்துண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அடித்துண்டை மட்டும் பிடித்து ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கால். ஆடவில்லை என்றால் இணைப்பு.

கால் விஷயத்தில் பலரும் ஏமாறுவது மூன்று காலில். மூன்று கால் எந்தத் தரையிலும் நொண்டாது, உண்மைதான். மேடு பள்ளமான பழைய சிவப்புத் தரையிலும் பிசிறில்லாமல் உட்காரும். ஆனால் அது கவிழ்வது கால் இருக்கிற பக்கமாக அல்ல, இரண்டு காலுக்கு நடுவில் இருக்கிற வெறும் இடத்துப் பக்கமாக. காலின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று காலில், தண்டிலிருந்து கவிழ்கிற விளிம்பு வரை 20 செ.மீ.தான் இருக்கும். நாலு கால் என்றால் 28. ஐந்து என்றால் 32. ஆறு கால் போட்டாலும் 35க்குள்தான். மூன்றிலிருந்து நாலுக்குப் போகிறபோது கிடைக்கிற லாபம் அதற்கு மேல் கிடைப்பதில்லை. அதனால் ஆறடி மரத்துக்கு நான் நாலு காலே போடுகிறேன், ஒரு காலின் நுனியில் மட்டும் திருகிச் சரிசெய்ய ஒரு போல்ட் வைத்து. நொண்டும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

மடக்குகிற கால் என்றால் கால்களைச் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட்டைப் பாருங்கள். மடக்க மடக்க அந்த ஓட்டை நீள்வட்டமாகிவிடும். போல்ட்டை முறுக்கி இறுக்கினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் தளரும். இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, அடுத்த அளவு போல்ட்டுக்கு ஓட்டையைத் துளைத்து மாற்றுவதுதான் வழி.

இணைப்புக்கு வருவோம். வீட்டில் செய்கிறவர்கள் ஒரு அங்குலச் சதுரக் குழாய்க்குள் முக்கால் அங்குலச் சதுரக் குழாயைச் செருகுவார்கள். கடையில் பார்த்தால் அழகாக உள்ளே போகும். அந்த அழகில்தான் வினை. வெளிக்குழாய் 25 மி.மீ., சுவர் 1.6 மி.மீ. என்றால் உள்ளே இருப்பது 21.8. உள்குழாய் 19. நடுவில் கிட்டத்தட்ட 3 மி.மீ. சும்மா கிடக்கிறது. செருகிய நீளம் 10 செ.மீ. என்றால், இணைப்புக்கு மேலே 90 செ.மீ. உயரத்தில் இருக்கிற நட்சத்திரம் 27 மி.மீ. சாயும். செருகலை 20 செ.மீ. ஆக்கிப் பாருங்கள், சாய்வு பாதியாகக் குறையும். ஆடுகிற இணைப்பைக் கண்டால் ஆளுக்கு ஆள் துணியைச் சுற்றுகிறார்கள், காகிதத்தைத் திணிக்கிறார்கள். அது ஈரத்தை இழுத்து உள்ளேயே துருவை வளர்க்கும். குளிர்பானத் தகரக் குப்பியை வெட்டினால் கிடைக்கிற மெல்லிய தகடு போதும். உள்குழாயின் அடுத்தடுத்த இரண்டு முகத்தில் மட்டும், மேலே ஒன்று கீழே ஒன்றாக மடித்து ஒட்டுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஜனவரியில் கழற்ற சுத்தியல் வேண்டிவரும்.

ஒரு சின்ன விஷயம். சதுரக் குழாயின் உள்ளே ஒரு மூலை ஓரமாகவோ ஒரு முகத்திலோ நீளமாக ஒரு தழும்பு ஓடும். தகட்டை வளைத்துப் பற்றவைத்த இடம் அது. செருகும்போது சிக்குகிறது என்று சொல்லி நிறையப் பேர் உள்குழாயைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டு, பிறகு ஆடுகிறது என்று வருகிறார்கள். தேய்க்க வேண்டியது அந்தத் தழும்பு ஒன்றைத்தான். வட்ட அரம் விட்டு வாய்ப்பக்கம் ஒரு சாண் ஆழம் தேய்த்தால் போதும்.

கிளை நிற்காமல் தொங்குகிறது

கிளையின் அடியில் இருக்கிற கீலைப் பாருங்கள். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக் கடையில் கீல் என்று கேட்டால் முழிப்பார்கள், விஜாகிரி என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். இங்கே சொல்கிற கீல் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. தண்டில் பற்றவைத்த வளையம், அதில் கிளைக் கம்பியைக் கோர்க்கிற ஓட்டை, கிளை இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று தடுக்கிற ஒரு சின்ன உதடு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

தொங்கல் எப்போதும் அந்த உதட்டில்தான் தொடங்குகிறது. கணக்கு எளிது. 50 செ.மீ. நீளக் கிளையின் நுனியில் 300 கிராமுக்குப் பொம்மையும் மணியும் தொங்குகின்றன. கீலிலிருந்து உதடு 1.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த உதட்டில் விழுகிற பாரம் 10 கிலோ. கிளையின் சொந்த எடை தனி. இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிய உதடு இருபது நாள் அதைத் தாங்கிவிட்டு மெல்ல வளைகிறது. உதட்டை 3 செ.மீ. தள்ளி வைத்தால் பாரம் 5 கிலோவாகிவிடும். கனமான தகடு போடுவதைவிட இது நல்லது, செலவும் கிடையாது. பழைய மரமென்றால் உதட்டுக்கு அடியில் ஒரு ஆணித் துண்டைப் பற்றவைத்து நீட்டிவிடலாம்.

உதடு சரியாக இருந்தும் தொங்கினால் கம்பிதான் குற்றவாளி. கட்டடம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிற கட்டுக்கம்பியைக் கிளைக்குப் போட்டிருப்பார்கள். அது சூடுகாட்டி இளக வைத்த கம்பி. கட்டுவதற்கென்றே மெத்தென்று செய்தது, வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். கிளையின் முதுகெலும்புக்கு 10 கேஜ் ஜி.ஐ. கம்பி, அதாவது 3.25 மி.மீ., அதில் பிரிகிற குச்சிகளுக்கு 14 கேஜ், 2 மி.மீ. இதற்கு மேல் தடித்தால் பிள்ளைகளால் மடக்க முடியாது.

மடக்கினேன், ஆனால் பழைய பெட்டியில் இறங்கவில்லை

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் வேறு வேறு. மூட்டை நீளமாகிவிட்டதா, பருமனாகிவிட்டதா என்று டேப்பை வைத்து அளந்துவிட்டு மேலே படியுங்கள்.

நீளம் என்றால் அது செய்தபோதே நடந்த தவறு. குழாயின் நீளம்தான் மூட்டையின் நீளம் என்று நினைத்துவிடுகிறோம். ஆறடி மரத்தை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றும் 60 செ.மீ. என்று வெட்டியாகிவிட்டது. அடித்துண்டில் 20, 35, 50 செ.மீ. உயரத்தில் மூன்று வளையம். அவற்றில் 50, 44, 38 செ.மீ. கிளைகள். கிளையை மேல்நோக்கி மடக்கினால் முதல் வளையத்தின் நுனி 70இல் நிற்கும், இரண்டாவது 79இல், மூன்றாவது 88இல். குழாய் 60, மூட்டை 88! பெட்டி 65க்குச் செய்திருப்பீர்கள். நுனிகளை மடித்துத் திணிப்பீர்கள். அடுத்த வருஷம் எல்லா நுனியும் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும்.

துண்டுகளைச் சமமாக வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அடித்துண்டை 75, நடுவை 60, உச்சியை 48 என்று வெட்டுங்கள். நடுத்துண்டில் வளையங்களைக் கீழே இறக்கி 5, 20, 35இல் வையுங்கள். அங்கே கிளைகள் 32, 27, 21 என்றால் மிக உயரமான நுனியும் 56தான், குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். மேலே தெரிகிற வெறுங்குழாயை உச்சித்துண்டின் கீழ்வளையம் மூடிக்கொள்ளும். அடித்துண்டு எப்படியும் 88 கேட்கும், அதனால் பெட்டி 90. அதை ஒப்புக்கொண்டு தொடங்கினால் மற்ற இரண்டும் அதற்குள் தாராளமாகப் படுக்கும். கிளையைக் கீழ்நோக்கி மடக்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மடக்கலாம். ஆனால் விரித்த கிளையைப் பூமி கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பூட்டு வேண்டும். மேல்நோக்கி மடங்குகிற கிளைக்கு அந்தப் பூட்டு வேலையை அதன் எடையே செய்கிறது.

பருமன் என்றால் அது மடக்கியவர் செய்தது. போன வருஷம் எங்கள் மைனி இந்தப் புகாரோடு வந்தார். அண்ணன் வீட்டு மரம், நான் செய்து கொடுத்ததுதான்.

"தம்பி, நீ செஞ்ச மரம் ஊதிப்போச்சு."

"மரம் ஊதாது மைனி. அண்ணன் மடக்கினாரா?"

"பின்னே? காலை வச்சு மிதிச்சு உள்ளே தள்ளினாரு."

அடித்துண்டில் 8, 8, 7 என்று மொத்தம் 23 கிளை. ஒவ்வொரு கிளையின் குச்சிகளையும் முதுகுக் கம்பியோடு சேர்த்து நுனி நோக்கித் தடவிவிட்டால் ஒரு கிளை 3 செ.மீ. பருமனுக்கு அடங்கும். இருபத்துமூன்றும் சேர்ந்த கட்டு சுமார் 16 செ.மீ. குறுக்களவு, தென்னையின் நடுப்பகுதி அளவுகூட இல்லை. குச்சிகளைத் தடவாமல் அப்படியே தூக்கி மடக்கினால் ஒரு கிளை 8 செ.மீ. பிடிக்கும். கட்டு 43 செ.மீ.க்குப் போய்விடும். அதை மிதித்தால்தான் இறங்கும்.

மைனிக்குத் தரையில் உட்கார்ந்தே செய்து காட்டினேன். துண்டைப் படுக்கப் போடக் கூடாது, நிற்க வைக்க வேண்டும். மேல்வளையத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கிளையைப் பிடித்து, பூவரசு இலையில் பீப்பி சுருட்டுகிற மாதிரி உள்ளங்கையை அடியிலிருந்து நுனிக்கு ஓட்டினால் குச்சிகள் படுத்துக்கொள்ளும். அப்புறம் தூக்கித் தண்டோடு சேர்த்து அடுத்த கிளை. ஒரு வளையம் முடிந்ததும் இரண்டு விரல் அகலத் துணிநாடாவால் ஒரு சுற்று. பழைய வேட்டியின் கரையைக் கிழித்தால் அதுவே நல்ல நாடா. நைலான் கயிறு வேண்டாம், அது இலையை அறுக்கும். மேலடுக்கு அடங்கிய பிறகு கீழடுக்கு அதன்மேல் போர்வை மாதிரி வந்து மூடும். விரிக்கும்போது இதன் தலைகீழ், அடிவளையம் முதலில். முழு மரத்துக்கும் நாற்பது நிமிஷம் ஆகும். பத்து நிமிஷத்தில் முடித்தேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு ஆசை.

குடை மாதிரி செய்த மரம் பாதி வழியில் சிக்குகிறது

பழைய குடைகளை அடுக்கி மரம் செய்வது எங்கள் பக்கம் சுலபம். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் ஒடிந்த குடை கிடைக்காத வீடு உண்டா? தண்டில் ஏறி இறங்குகிற குழலைத் தள்ளினால் கிளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விரியும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பெரிய மரத்துக்குப் புதிதாகக் குழல் செய்கிறபோது நீளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கோணிய மர அலமாரி இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் எப்படிச் சிக்குமோ அப்படித்தான் இதுவும் சிக்கும்.

தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கிளையைப் பிடித்து இழுத்துக் குழலை நகர்த்தப் பார்க்கிறீர்கள். இரும்பின்மேல் இரும்பின் உராய்வு 0.3 என்று கொண்டால், குழல் 6 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் நகராது. பலம் கூடக் கூட இறுக்கமும் கூடும், அவ்வளவுதான். 8 செ.மீ. குழல் போட்டுவிடுங்கள். குழலைத் தவிர வேறு எங்கேயும் பிடித்து இழுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள்.

சிக்கினால் நம் கை முதலில் தேடுவது தேங்காய் எண்ணெயை. தயவுசெய்து வேண்டாம். அன்றைக்கு வழுக்கும். பரணில் கிடந்து தூசியைப் பிடித்துக் கெட்டியாகி, அடுத்த டிசம்பரில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துத் தண்டில் நாலு தேய்ப்பு. போதும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்கா பஞ்சம்?

சுருள் மரம் கோணலாக எழும்புகிறது

ஜரிகைச் சுருளைத் தட்டையாக வைத்து, நடுக்கம்பில் கொக்கியை மாட்டித் தூக்கினால் கூம்பாக எழும்புகிற வகை இது. மடக்கி வைக்க இதைவிடச் சின்னது கிடையாது, ஒரு சாப்பாட்டுத் தட்டின் பருமன்தான். கோணினால் சுருளைத் தாங்குகிற மூன்று நூலில் ஒன்று நீண்டிருக்கிறது. மற்ற இரண்டின் அளவுக்கு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பொம்மை மாட்ட இது தாங்காது. விளக்கும் சின்ன நட்சத்திரமும் மட்டும்.

இலை உதிர்ந்து பெட்டி அடியில் பச்சைப் பொடியாகக் கிடக்கிறது

இரண்டு கம்பிக்கு நடுவில் இலைத்தாளை வைத்து முறுக்கிச் செய்வதுதான் கிளை. பாட்டில் கழுவுகிற பிரஷ் எப்படியோ அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் முதன்முதலாகச் செயற்கை மரம் செய்தபோது வாத்தின் இறகைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கம்பியில் சுற்றினார்களாம். இறகுக்குப் பதிலாக இப்போது பி.வி.சி. தாள். ஆனாலும் பிடிமானம் கம்பியில்தான்.

முழு இலையாக உருவி வந்தால் முறுக்கு போதவில்லை. கிளையின் நுனியை இடுக்கியால் பிடித்து, ஏற்கெனவே முறுக்கிய திசையிலேயே இரண்டு சுற்றுக் கொடுத்துப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் கம்பியின் இரு நுனியையும் டிரில்லிங் மெஷினின் வாயில் கடிக்கவிட்டு மெதுவாக ஓட்டலாம். 18 கேஜ் கம்பிக்கு ஒரு அங்குலத்துக்கு மூன்று, நாலு முறுக்கு என்பது என் கைக்கணக்கு. அதற்கு மேல் போனால் கம்பி வெட்டுப்பட்டு முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இலை முறிந்து பொடியானால் வைத்தியம் இல்லை. வெயிலும் சூடும் தின்றுவிட்டன. தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கிற பரண் அதற்கு எமன். இடத்தை மாற்றுங்கள், கிளையையும் மாற்றுங்கள்.

திறந்தால் துரு, வெள்ளைப் பொடி, வாடை

மற்ற ஊரில் மரத்தைக் கட்டி வைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இருக்காது. ஜனவரியில் பரணேறிய மரம் நவம்பர் கடைசியில் இறங்குவதற்குள் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையையும் பார்த்துவிடுகிறது, ஐப்பசி மழையையும் பார்த்துவிடுகிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குளச்சல் பக்கம் என்றால் கடல்காற்றின் உப்பு வேறு.

சிவப்புத் துரு கிளையின் அடியிலும், வெட்டின நுனியிலும், பற்றவைத்த இடத்திலும் வரும். ஜி.ஐ. கம்பியின் துத்தநாகப் பூச்சு மேலேதான் இருக்கிறது. வெட்டிய வாயில் இரும்பு அம்மணமாக நிற்கிறது, பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் செய்கிற அன்றே துருத்தடுப்புப் பெயின்ட் தொட்டு வையுங்கள். முழு மரத்துக்கும் பெயின்ட் அடிப்பதைவிட இது முக்கியம். வந்துவிட்ட துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதேபோல் தொடலாம்.

வெள்ளைப் பொடி துரு மாதிரி பயமுறுத்தாது, ஆனால் அதுவும் துத்தநாகத்தின் துருதான். ஈரத்தோடு காற்றுப் புகாமல் கட்டி வைத்த ஜி.ஐ. சாமானில் வரும். இதைக் கண்டால் தவறு பையில் என்று அர்த்தம். கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை டேப்பால் ஒட்டியிருப்பீர்கள். வெளி ஈரம் உள்ளே போகாது என்று நினைப்பு. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வராது என்பதை மறந்துவிடுகிறோம். பருத்தித் துணிப்பை தையுங்கள். 90 செ.மீ. நீளம், உள்ளே கட்டு சுலபமாக நழுவுகிற அளவுக்குச் சுற்றளவு, வாயில் நாடா. கட்டு 16 செ.மீ. குறுக்களவு என்றால் சுற்றளவு 50 செ.மீ.தான் வரும், பையை 65க்குத் தையுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் மரத்தை நிற்க விடுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். ஆனால் துணிப்பையில் அது சீக்கிரம் நிறைந்துவிடும், இடவப்பாதி தொடங்குமுன் ஒரு தடவை மாற்ற வேண்டும். கற்பூரம் ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது.

காய்ந்த இடமாக வைக்க வேண்டும் என்று நான் சொன்னதை என் மைத்துனர் ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் புகைபோடுகிற கொட்டகை உண்டு. ஊரே நனைந்து கிடந்தாலும் அங்கே மட்டும் காய்ந்திருக்கும். மரத்தைப் பையோடு அதன் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். துரு ஒரு பொட்டு இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஐம்பது, அறுபது டிகிரி சூட்டில் மாதக்கணக்கில் கிடந்த பி.வி.சி. இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கின ஈரத் துணி மாதிரி ஆகியிருந்தன. விரல்நகத்தால் பிரித்தால் இலையின் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பச்சை நிறம் பழுப்பு. வாடையோ, நடுவீட்டில் மரத்தை வைத்தால் ஷீட் வாங்க வியாபாரி வந்த மாதிரி இருந்தது. குழந்தை இயேசு குடிலுக்குள் அந்த வருஷம் புகையோடுதான் பிறந்தார்.

எலி, கரையான் இரண்டுக்கும் ஒரே வழிதான். பையைத் தரையிலோ சுவரோரமோ வைக்காமல் உத்தரத்தில் இரண்டு கொக்கியில் படுக்கையாகத் தொங்க விடுங்கள். ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டால் எல்லாக் கிளையும் அடியில் வந்து குவியும்.

விளக்குப் போட்டதும் அணைகிறது, தொட்டால் சுருக்கென்கிறது

சுருக்கென்கிறது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு படியுங்கள். நம் மரம் உச்சி முதல் கால் வரை இரும்பு. சீரியல் பல்ப் சரத்தின் ஒரு இடத்தில் மேல்தோல் வெட்டுப்பட்டால் மரம் முழுக்க மின்சாரம் இறங்கும். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் அலுமினிய மரம் வந்தபோது அதில் விளக்குச் சரமே சுற்றக் கூடாது என்று எச்சரித்தார்கள். அதற்குப் பதிலாகத் தரையில் ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னால் பல நிறச் சக்கரத்தைச் சுழலவிட்டார்கள்.

வயர் வெட்டுப்படுவது கீல் வாயில்தான். மரத்தோடு விளக்கையும் சேர்த்து மடக்கி வைப்பது சோம்பேறித்தனத்துக்குச் சுகமாக இருக்கலாம், நான் அப்படிச் செய்து கொடுப்பதில்லை. சரத்தைத் தனியாகக் கழற்றி ஒரு அட்டையில் சுற்றி வையுங்கள். விட்டே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு கீலிலும் ஒரு சாண் வயரைத் தொய்வாக வளையமிட்டு, கீலுக்கு வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். எப்படியானாலும் 230 வோல்ட் நேரடியாக ஓடுகிற சரம் வேண்டாம். அடாப்டர் வைத்து குறைந்த வோல்ட்டில் எரிகிற எல்.இ.டி. சரம் வாங்குங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்றும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். வெட்டுப்பட்ட சரத்துக்கு டேப் ஒட்டிக் கொண்டுவந்து காட்டாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு கிளை மிச்சம்

கிளைகளைத் தனித்தனியாகக் கழற்றுகிற மரத்தில் இது நடக்கும். 32, 27, 21 என்ற நீளங்கள் கையில் எடுக்கும்போது ஒன்றுபோலவே தெரியும். இடம் மாறி மாட்டினால் ஒரு வளையத்தில் நெருக்கடி, இன்னொன்றில் வெற்றிடம். வளையத்துக்கு ஒரு நிறமாக, வளையத்திலும் கிளையின் அடிக்கம்பியிலும் நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். பெயின்ட்டைவிட அது கம்பியில் நன்றாகப் பிடிக்கிறது, வீட்டில் எப்படியும் நாலு நிறம் இருக்கும். எங்கள் வீட்டு மரத்தில் அடிவளையம் ரோஸ், அடுத்தது கறுஞ்சிவப்பு, உச்சி மட்டும் என் மகளின் பழைய ஊதா.

பொட்டு வைப்பதற்கு முந்தைய வருஷம் மிச்சமான அந்த ஒரு கிளை எந்த வளையத்துக்கு உரியது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா அதை ஒரு கம்பின் நுனியில் கட்டி ஒட்டடை அடிக்க வைத்திருக்கிறார். ஐந்து வருஷமாகிறது, ஒரு இலை உதிரவில்லை.